பட்சமும் பராமரிப்பும்: பவுலின் சிறைக் கடற்பயணமும் பேராக் தோட்ட வரலாற்று வாசிப்பும்

விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் இடம்பெறும் ‘அப்போஸ்தலருடைய நடபடிகள்’ என்னும் நூலின் 27ஆம் அதிகாரம் ஒரு கைதியின் கடற்பயணத்தை விரித்துரைக்கின்றது. பண்டைக்காலக் கப்பற்பயணத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விரிவான குறிப்புகளுள் அதுவும் ஒன்று. காற்றின் திசை, கடலின் ஆழம், பாய்களைத் தாழ்த்திய முறை, சரக்கைக் கடலில் எறிந்த வரிசை ஆகிய யாவும் அதில் பதிவாகியுள்ளன. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித் என்பார் தமது பாய்மரக் கப்பல் பட்டறிவைக் கொண்டு இப்பயணத்தை ஆராய்ந்து 1848இல் ஒரு நூலை வெளியிட்டார். அதன்பின் எழுந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை புயலையும் கப்பற்சேதத்தையுமே சுற்றி வந்துள்ளன.

இக்கட்டுரை புயலைப் பற்றியதன்று. புயலுக்கு நெடுநாள் முன்னர், பயணத்தின் இரண்டாம் நாளில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியைக் கூறும் மூன்றாம் வசனமே இங்கு ஆய்வுப்பொருள். கப்பல் சீதோன் துறையை அடைகின்றது. கைதிகளுக்குப் பொறுப்பாளனாகிய யூலியு என்னும் உரோமானிய அதிகாரி, பவுலைக் கரையிறங்கித் தம் நண்பர்களிடம் சென்று அவர்களது கவனிப்பைப் பெற்றுவர அனுமதிக்கின்றான். செய்தி இவ்வளவே. எனினும் இவ்வொரு வசனத்தின் சொற்களை நிறுத்திப் படிக்கும்போது, பேராக் மாநிலத் தோட்டத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் ஒரு சிக்கலுக்கு அது நல்லதோர் அளவுகோலாக அமைவதைக் காணலாம். ‘நல்ல துரை’ என்னும் நினைவை வரலாற்றாசிரியர் எவ்வாறு மதிப்பிடுவது என்பதே அச்சிக்கல்.

வசனத்தின் பின்னணி

இந்நூலோடு பழக்கமில்லாதவர்க்காகப் பின்னணியைச் சுருங்கக் கூறுதல் தகும். பவுல் எருசலேமில் கைதாகிச் செசரியாவில் ஈராண்டுகள் காவலில் வைக்கப்பட்டிருந்தார். உரோமைக் குடியுரிமை பெற்றவராதலின், பேரரசரிடமே தம் வழக்கை முறையிடும் உரிமை அவருக்கிருந்தது. அவ்வுரிமையைப் பயன்படுத்தியமையால் அவரை உரோமாபுரிக்கு அனுப்பவேண்டியதாயிற்று. இது கி.பி. 59 அல்லது 60 என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. அவர் தண்டனை பெற்ற கைதியல்லர், விசாரணைக் கைதி. ஆனால் அதே கப்பலில் ‘வேறு சில’ கைதிகளும் இருந்தனர் என்று முதல் வசனம் சொல்கின்றது. அவர்கள் யார், என்ன குற்றம் சாட்டப்பட்டவர் என்ற விவரம் எதுவும் இல்லை. இப்பெயரற்றவர்களை நினைவில் வைத்துக்கொள்வது இன்றியமையாதது.

கைதிகளைக் கொண்டுசென்றவன் நூறு வீரர்க்குத் தலைவனாகிய அதிகாரி. தமிழ் விவிலியம் அவனை ‘நூற்றுக்கு அதிபதி’ என்கின்றது. அவன் சேர்ந்த படைப்பிரிவுக்குப் ‘பட்டாளம்’ என்னும் சொல்லை ஆள்கின்றது. ஐரோப்பியரின் படைகளோடு தமிழுக்குள் வந்த இச்சொல், முதல் நூற்றாண்டு உரோமைப் படையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் வாசகர் தம் ஊர்த்தெருவில் கண்ட படையாகவே மாற்றிக் காட்டிவிடுகின்றது. மொழிபெயர்ப்பாளர் இதனை எண்ணிச் செய்தாரோ இல்லையோ, படித்தவர் மனத்தில் குடியேற்ற ஆட்சியின் சிப்பாய்தான் தோன்றியிருப்பான்.

ஒரு சொல்லுக்கு இரு தமிழ்

மூன்றாம் வசனத்தில் யூலியு பவுலை நடத்திய விதத்தைக் குறிக்கக் கிரேக்க மூலத்தில் ‘பிலாந்த்ரோப்போஸ்’ என்னும் வினையடை வருகின்றது. ‘மாந்தர்மீது அன்புடைய முறையில்’ என்பது அதன் நேர்ப்பொருள். இன்றைய தமிழில் ‘மனிதநேயத்தோடு’ எனலாம். புதிய ஏற்பாட்டில் இவ்வினையடை இவ்வோரிடத்தில் மட்டுமே உள்ளது. இதன் பெயர்ச்சொல் வடிவம் வேறு இரண்டே இடங்களில் வருகின்றது. ஒன்று, கப்பல் உடைந்து கரையேறியவர்களை மெலித்தா தீவினர் தீ மூட்டி வரவேற்ற இடம் (28:2). மற்றொன்று, தீத்துவுக்கு எழுதிய திருமுகத்தில் இறைவனின் அன்பைக் குறிக்கும் இடம் (3:4).

தமிழ்ப் புரட்டஸ்தாந்து திருச்சபைகளில் பெருவழக்காக உள்ளது ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பின் மரபாகும். ஈப்போவிலும் தாப்பாவிலும் தோட்டத்துச் சிற்றாலயங்களிலும் தமிழ் மெதடிஸ்டுகளும் லுத்தரன்களும் படித்து வந்தது இம்மரபு நூலே. இதில் தீவினரின் செயலைக் குறிக்க ‘அன்பு’ என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. தீத்துவுக்கான திருமுகத்திலும் ‘அன்பு’தான். அதிகாரி யூலியுவுக்கு மட்டும் ‘பட்சமாய்’ என்று வந்துள்ளது. மூலத்தில் ஒரே வேர்ச்சொல்லாக இருப்பது தமிழில் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

மொழிபெயர்ப்புக் கோட்பாட்டை மட்டும் வைத்துப் பார்ப்பவர் இதைச் சீரின்மை என்று குறை கூறலாம். நான் அவ்வாறு கருதவில்லை. ‘பட்சம்’ வடமொழிச் சொல். ‘பக்கம்’, ‘சார்பு’ என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். சார்பினின்று பரிவு என்னும் பொருளும் தோன்றிற்று. ஒருவர்மீது பட்சம் வைத்தல் என்றால் அவரிடம் அன்பு கொள்ளுதல். ஆனால் அதே சொல்லே ‘பட்சபாதம்’, ‘பாரபட்சம்’ என்பவற்றிலும் உள்ளது. ஆகவே பட்சம் என்பது ஒரு பக்கம் சாயும் அன்பு. பெரும்பாலும் மேலிருப்பவர் கீழிருப்பவர்மீது காட்டுவது. அது எல்லார்மீதும் பெய்யும் மழையன்று. இச்சொல்லைத் தெரிவு செய்த மொழிபெயர்ப்பாளர், கிரேக்க மூலம் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டார் என்றே தோன்றுகின்றது.

ஏனெனில் சீதோனில் கரையிறங்கும் சலுகை பவுல் ஒருவருக்கே கிட்டியதாக வசனம் கூறுகின்றது. ‘வேறு சிலர்’ கரையிறங்கினரா என்பது பற்றிப் பேச்சில்லை. அதிகாரத்தின் இறுதிப் பகுதியில் இது இன்னும் தெளிவாகின்றது. கப்பல் தரைதட்டி உடையும் வேளையில், கைதிகள் நீந்தித் தப்பிவிடுவர் என்று அஞ்சிய வீரர்கள் அவர்கள் அனைவரையும் கொன்றுவிட ஆலோசிக்கின்றனர். கைதி தப்பினால் காவலர் தம் உயிரால் ஈடுகட்ட வேண்டியிருந்த காலம் அது. இதே நூலின் 12ஆம் அதிகாரத்தில் பேதுரு தப்பியபின் காவலருக்கு நேர்ந்த முடிவையும், 16ஆம் அதிகாரத்தில் பிலிப்பி நகரச் சிறைக்காவலன் தற்கொலைக்குத் துணிந்ததையும் ஒப்புநோக்குக. யூலியு அவ்வாலோசனையைத் தடுத்தான். தடுத்ததற்கு லூக்கா கூறும் காரணம், அவன் பவுலைக் காப்பாற்ற விரும்பினான் என்பதே. கப்பலில் இருந்தவர் மொத்தம் 276 பேர். அவர்களுள் இருந்த ஏனைய கைதிகள் பிழைத்தது, அவன் ஒருவர்மீது வைத்த பட்சத்தின் நிழலில் நின்றதால்தான்.

காவலும் சோறும்

அதே வசனத்தில் வரும் மற்றொரு சொல் ‘பராமரிப்பு’. மூலத்தில் ‘எப்பிமெலெய்யா’. லூக்கா மருத்துவர் என்னும் மரபை வலியுறுத்த விரும்பிய ஹோபார்ட் 1882இல் நடபடிகள் நூலின் இத்தகைய சொற்களை எல்லாம் மருத்துவக் கலைச்சொற்களாகக் காட்ட முயன்றார். பின்னர் கேட்பரி, இவை படித்தவர் எவரும் பயன்படுத்திய பொதுச்சொற்களே என்று நிறுவினார். சீதோனில் பவுல் மருத்துவம் பெற்றார் என்று துணிந்து சொல்வதற்கில்லை. உணவு, உடை, வழிச்செலவுக்கான பொருள் என்று விரிவாகக் கொள்வதே பொருத்தம்.

உரோமைக் காவல் முறையைப் பற்றி பிரையன் ராப்ஸ்கே 1994இல் வெளியிட்ட விரிவான ஆய்வு இவ்விடத்தில் நமக்குப் பெரிதும் உதவுகின்றது. காவலில் உள்ளவனின் சோறும் துணியும் பெரும்பாலும் அவன் உற்றார் உறவினர் பொறுப்பு. அரசு அளித்தது உயிர்தாங்கும் அளவுக்கே, சிலபோது அதுவும் இல்லை. செசரியாவில் ஆளுநன் பேலிக்ஸ், பவுலின் ஆட்கள் அவருக்குப் பணிவிடை செய்ய வருவதைத் தடுக்கலாகாது என்று ஆணையிட்டது (24:23) இந்தச் சூழலில்தான். ஆகவே மூன்றாம் வசனத்தில் அதிகாரி கொடுத்தது என்ன, நண்பர் கொடுத்தது என்ன என்று பிரித்தறிதல் வேண்டும். அதிகாரி கொடுத்தது உத்தரவு மட்டும். தமிழ் விவிலியமும் அச்சொல்லையே ஆள்கின்றது. பராமரிப்பு முழுவதும் நண்பர் கையிலிருந்து வந்தது. வாக்கியத்தின் எழுவாயாக அதிகாரி நிற்பதால் நன்றி முழுவதும் அவனுக்கே போய்ச் சேர்கின்றது.

இலக்கிய நயம் நாடுவோர் இன்னொன்றையும் நோக்கலாம். கிரேக்கத்தில் ‘பிலாந்த்ரோப்போஸ்’ என்ற சொல்லிலும் நண்பரைக் குறிக்கும் ‘பிலோஸ்’ என்ற சொல்லிலும் அன்பைக் குறிக்கும் வேர் ஒன்றே. ‘அன்போடு நடத்தி, அன்பரிடம் செல்லவிட்டான்’ என்பது போன்ற ஒலிநயம் அது. பட்சம், சிநேகிதர் என்று இருவேறு சொற்கள் வந்தபோது அந்நயம் மறைந்தது. அதற்கு ஈடாக நாம் பெற்றதை மேலே கண்டோம்.

இவ்வதிகாரத்தின் மற்றோர் அமைப்பும் கவனிக்கத்தக்கது. கதை ‘நாங்கள்’ என்னும் தன்மைப் பன்மையில் நகர்கின்றது. மக்கெதோனியனாகிய அரிஸ்தர்க்கு உடன் வந்ததாகப் பெயரோடு குறிக்கப்பட்டுள்ளது. கைதி ஒருவனோடு நண்பர் எவ்வாறு கப்பலேற முடிந்தது? வில்லியம் ராம்சே 1895இல் வெளியிட்ட நூலில், அவர்கள் பவுலின் அடிமைகள் என்ற நிலையில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கலாம் என்று கருதினார். எல்லாரும் இதனை ஏற்பதில்லை. ஆயினும் ‘நாங்கள்’ என்று சொல்லத் தோழர் உடன் இருந்தமை பவுலின் பயணத்தை ஏனைய கைதிகளின் பயணத்தினின்று வேறுபடுத்துகின்றது.

தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு

தமிழர் வரலாற்றில் இவ்வசனத்திற்கு மிக நெருங்கிய நிகழ்வு ஒன்று உண்டு. மருது சகோதரர் 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டபின், சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியும் எழுபதுக்கு மேற்பட்ட போராளிகளும் 1802இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டு, அன்று வேல்ஸ் இளவரசர் தீவு என வழங்கிய பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டனர். பினாங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்து பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்த காலம்.

இக்கைதிகளைத் தூத்துக்குடியில் தம் பொறுப்பில் வைத்திருந்தவருள் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படையதிகாரி ஒருவர். இவர் 1830இல் வெளியிட்ட இராணுவ நினைவுக்குறிப்புகளில், முன்னாளில் தமக்கு வேலெறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்தவர் சின்ன மருதுவே என்று எழுதுகின்றார். ஆசானின் மகன் மாணவனுக்குக் கைதியாக வந்தான். அவ்விளைஞனின் துன்பத்தைத் தம்மால் இயன்ற அளவு இலேசாக்க முயன்றதாகவும் வெல்ஷ் குறிப்பிடுகின்றார். பின்னர் 1818இல் வெல்ஷ் பினாங்குக்குச் சென்றிருந்தபோது, தளர்ந்து முதுமைத் தோற்றம் கொண்ட ஒருவர் அவரெதிரே வந்து நின்றார். அவரே துரைசாமி. இளைஞனாகக் கப்பலேறியவன் பதினாறு ஆண்டுகளில் அடையாளம் காண இயலாதவாறு மாறியிருந்தான்.

வெல்ஷின் இரக்கம் பொய்யென்று நான் கருதவில்லை. அப்பக்கங்களைப் படிப்பவர் எவரும் அவ்வாறு கருதார். ஆனால் அது பட்சம். அவர் தீர்ப்பை மாற்றவில்லை. மாற்றும் அதிகாரமும் அவருக்கில்லை. ஏனைய எழுபது பேரைப் பற்றி அவர் நினைவில் துரைசாமிக்குக் கிடைத்த இடம் இல்லை. யூலியுவின் கப்பலில் வந்த ‘வேறு சிலர்’ போன்றே அவர்களும் ஓர் எண்ணிக்கையாக நின்றுவிட்டனர். மேலும் சீதோன் போன்றதொரு துறை அவர்களுக்கு வாய்க்கவில்லை. 1802இன் பினாங்கில் அவர்களைப் பராமரிக்கும் நண்பர் கரையில் காத்திருந்திரார். ஒருவருக்கொருவர் அவர்களே நண்பர்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கு இந்தியக் கைதிகள் 1790 முதல் அனுப்பப்பட்டனர். 1873இல் அம்முறை முற்றுப்பெற்றது. இவ்வரலாற்றைக் கெர்னியல் சிங் சாந்து 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டில் கட்டுரையாக வழங்கினார். அம்மாநாட்டை முன்னின்று நடத்தியவர் நம் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையில் பணியாற்றிய தனிநாயகம் அடிகள் என்பதை நினைவுகூர்தல் பொருந்தும். சிங்கப்பூரில் 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித அந்திரேயா பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. கைதியின் கடற்பயணத்தைச் சொல்லும் அதிகாரம் வாசிக்கப்பட்ட அச்சுவர்களை எழுப்பியவர்களும் கைதிகளாகக் கடல் கடந்தவர்களே.

பேராக்கிலிருந்து சீசெல்ஸுக்கு

அக்கைதிகளை நிர்வகித்தவர் மேஜர் மெக்நேர். கைதிகளுள் நன்னடத்தை உடையோரையே காவலராக்கும் முறையைப் பற்றி அவர் 1899இல் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘கைதிகளே தம் காவலர்’ என்னும் பொருள் தருவது. இதே மெக்நேர் பேராக் மாநிலத்தின் பொறுப்புத் தலைமை ஆணையராகவும் இருந்து, 1878இல் பேராக்கையும் மலாய்க்காரரையும் பற்றி ஒரு நூல் எழுதியவர். பேராக் அரச வரலாற்றிலும் ஒரு சிறைக் கடற்பயணம் உண்டு என்பதால் அதனையும் இங்கு நோக்குவோம்.

1874 ஜனவரி 20இல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் வழி வந்த முதல் பிரிட்டிஷ் ஆலோசகர் பர்ச், 1875 நவம்பர் 2இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். மகாராஜா லேலாவும் வேறு சிலரும் வழக்கு விசாரணைக்குப் பின் தூக்கிலிடப்பட்டனர். சுல்தான் அப்துல்லாவோ நீதிமன்றத் தீர்ப்பால் அன்றி ஆட்சியாளரின் முடிவால் 1877இல் சீசெல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். லாருட்டின் மந்திரி ஙா இப்ராகிம் முதலான பெருமக்களும் அவ்வாறே அனுப்பப்பட்டனர். அப்துல்லாவோடு குடும்பத்தாரும் பணியாளரும் சென்றனர். அவர் மீண்டும் மீண்டும் மனுக்கள் எழுதினார். பேரரசின் தலைநகரை நோக்கி முறையிட்ட கைதி என்ற அளவில் பவுலோடு ஒப்பு உண்டு. ஆயினும் பவுலின் முறையீடு சட்டம் தந்த உரிமை, அப்துல்லாவின் மனு கருணையை நாடிய வேண்டுகோள். அவர் பேராக் மண்ணுக்குத் திரும்ப 1922 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டிலேயே கோலகங்சாரில் காலமானார்.

கைதியல்லாத பயணிகள்

இனித் தோட்டத் தமிழரிடம் வருவோம். இவர்கள் கைதிகளல்லர். ஒப்பந்தக் கூலி முறையை ‘புதியதோர் அடிமை முறை’ என்னும் தலைப்பில் ஹியூ டிங்கர் 1974இல் எழுதியபின், கப்பலேறிய தொழிலாளர் அனைவரையும் அடிமை என்றோ கைதி என்றோ எழுதிவிடும் பழக்கம் நம்மிடையே பெருகியுள்ளது. மேடைக்கு அது பொருந்தலாம். துரைசாமியின் பயணத்தையும், 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் தளத்தில் பாய்விரித்து வந்த ஒருவரின் பயணத்தையும் ஒரே சொல்லால் குறித்தால் இரண்டையும் இழந்துவிடுவோம்.

ஆனால் எல்லைக்கோடு சில காலங்களில் மெலிந்திருந்தது என்பதும் உண்மை. இந்திய அரசு 1884இல் பேராக்குக்கு ஆளெடுப்பை அனுமதித்தது. ரப்பருக்கு முந்திய அக்காலத்தில் கிரியான் மாவட்டக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள், காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டகன்றால் அது குற்றம். அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. அதே கிரியானில், பாகான் செராய்ப் பகுதியில், பாதிரியார் பே 1880களில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென ஒரு வேளாண் குடியேற்றத்தைத் தொடங்கினார். ஒப்பந்தக் கூலியாக அன்றித் தம் நிலத்தில் தாமே பயிரிடுவோராகத் தமிழர் வாழ இயலும் என்பதற்கு அது ஒரு சான்றாக இருந்தது. மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் ஒழிக்கப்பட்டது.

அதன்பின் பெருவழக்கான கங்காணி முறைதான் நம் வசனத்தோடு நெருங்கி உறவாடுவது. கங்காணி தன் ஊரிலிருந்தே ஆள் சேர்த்தான். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கில் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் நாள்களைக் கழித்து, தோட்டம் வந்து சேர்ந்தவருள் பலர் உறவினர், ஒரே ஊரார். அதாவது அவர்கள் ‘நாங்கள்’ என்று சொல்லத்தக்க நிலையில் வந்தவர்கள். டிரினிடாட், பிஜி ஆகிய நாடுகளுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரிடையே கப்பலிலேயே பிறந்த ‘ஜகாஜி பாய்’ என்னும் கப்பல் உடன்பிறப்பு உறவு பெரிதாகப் பேசப்படுவதையும், மலாயாவில் அத்தகைய சொல் வேரூன்றாததையும் இணைத்துப் பார்க்கலாம். ஊர் உறவைக் கப்பலிலேயே கொண்டுவந்தவர்க்குப் புதிய உறவுமுறை தேவைப்படவில்லை என்பது என் கருத்து.

ஆனால் கங்காணியிடம் அவர்கள் கடன்பட்டிருந்தனர். அவனே அழைத்து வந்தான், அவனே வேலை வாங்கினான், அவனே ஆள்கணக்குக் காட்டினான். சீதோன் வசனத்தில் யூலியு ஒருவன், நண்பர் வேறு. தோட்டத்தில் காவலனும் நண்பனும் ஒரே ஆளாக வந்துவிட்டனர். இங்கு ஒரு சொல் வியப்பைத் தருகின்றது. பழைய தமிழ் விவிலியத்தில் திருச்சபை மேய்ப்பர்க்கு வழங்கும் சொற்களுள் ஒன்று ‘கண்காணி’. நடபடிகள் 20:28இல் எபேசு நகர மூப்பரிடம் பேசும் பவுலே அவர்களை அவ்வாறு அழைக்கின்றார். காலையில் பெரட்டுக்களத்தில் கங்காணியின் முன் வரிசையில் நின்றவர்கள், ஞாயிறன்று ஆலயத்தில் அச்சொல்லைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பர்! அதை எழுதிவைத்தவர் எவருமில்லை.

இனி ‘நல்ல துரை’. சுங்கை சிப்புட், தாப்பா, பாகான் டத்தோ வட்டாரங்களின் பழைய தோட்டங்களில் வாழ்ந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின் ஈப்போவின் புந்தோங், சிலிபின் பகுதிகளில் குடியேறிய முதியோரிடம் உரையாடுவோர் இத்தொடரைத் தவறாது கேட்பர். அந்தத் துரை நல்லவர், பிள்ளைப்பேற்றுக்கு வண்டி கொடுத்தார், தீபாவளிக்கு ஆடு கொடுத்தார் என்று சொல்வார்கள். நம் ஆய்வாளர் சிலர் இதனைக் கேட்டதும் முகம் சுளிக்கின்றனர். ஆளப்பட்டோர் ஆண்டவரின் கண்ணால் தம்மைப் பார்க்கின்றனர் என்று ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலர் இதனையே சான்றாகக் கொண்டு, தோட்ட வாழ்வு அவ்வளவு கொடியதன்று என்று முடிவு கட்டுகின்றனர். இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பேன். துரையின் பட்சத்தைத் தோட்டத்தின் சட்டமாகக் கொள்வதே அப்பிழை. முன்னவர் சட்டம் கொடியதாதலின் பட்சம் பொய் என்கின்றனர். பின்னவர் பட்சம் மெய்யாதலின் சட்டமும் நல்லது என்கின்றனர்.

லூக்கா இரண்டையும் கலக்கவில்லை. யூலியுவின் நற்செயலை மறைக்காமல் எழுதுகின்றார், அவன் பெயரையும் பதிகின்றார். அதே கையால், அவன் தலைமையிலான வீரர் கைதிகளைக் கொல்ல ஆலோசித்ததையும் எழுதுகின்றார். நல்ல அதிகாரி ஒருவன் இருந்தான் என்பதும், அவன் இல்லாதிருந்தால் அந்தக் காவல் முறை கைதிகளைக் கொன்றிருக்கும் என்பதும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன.

பட்சம் சட்டமாக மாறிய இடங்களையும் தேதியோடு காட்ட இயலும். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்வழி மலாயாவில் இந்திய அரசின் முகவர் அமர்த்தப்பட்டார். தோட்டங்களைப் பார்வையிட்டு ஆண்டறிக்கை எழுதுவது அவர் பணிகளுள் ஒன்று. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் குடிபெயர்வைத் தடை செய்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. இவற்றின் குறைபாடுகளைப் பற்றி நிறையவே எழுதலாம். ஆயினும் கூலியும் மருத்துவமும் துரையின் குணத்தைப் பொறுத்தவை என்னும் நிலையினின்று விலகிய படிகள் இவை. நல்ல துரையை நினைவுகூரும் முதியவரிடம், அவர் சொல்லும் நிகழ்ச்சி இவற்றுள் எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டறிவதே வரலாற்று மாணவரின் முதற்பணியாக வேண்டும்.

இரண்டாவது பணி ஒன்றும் உண்டு. சீதோனில் பவுலைப் பராமரித்த நண்பர் ஒருவர் பெயரையும் லூக்கா எழுதவில்லை. உத்தரவு கொடுத்தவன் பெயர் நின்றது, சோறு கொடுத்தவர் பெயர் நிற்கவில்லை. தோட்ட நினைவுகளிலும் இதே நிலைதான். துரைகளின் பெயர்கள் அறிக்கைகளிலும் முதியோர் நாவிலும் இன்றும் உள்ளன. காய்ச்சலில் கிடந்த புதிய ஆளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயரை நாம் கேட்பதேயில்லை. நம் மாணவர் களப்பணிக்கு எடுத்துச் செல்லும் வினாநிரல்களில் தோட்டத்தின் பெயர், துரையின் பெயர், கங்காணியின் பெயர் ஆகியவற்றுக்கு இடம் விடப்பட்டிருக்கும். நான்காவதாக ஒரு கோடு சேர்க்கப்பட வேண்டும்: வந்து இறங்கிய முதல் வாரத்தில் உங்களுக்குச் சோறு போட்டவர் யார்?